கடவுள் நம்பிக்கைக்கு என்ன அளவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடித் தத்துவ நூல்களை வாசிக்கிறோம். நெற்றியில் திருநீற்றோடு நேராகக் கோயிலிலிருந்து வருகிறவர் உண்டு. கறுப்புச் சட்டை அணிந்தவர் உண்டு. சாந்தோமிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. புதிதாக வருகிற எவரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எழுதிவைக்கிறேன். பதில்கள் என்னுடையவை, குழுவில் பாதிப் பேர் இவற்றை ஏற்க மாட்டார்கள்.

சமய மெய்யியல் என்றால் சமய வகுப்பா?

இல்லை. சித்தாந்த வகுப்பும் விவிலிய வகுப்பும் ஒரு நூலை ஏற்றுக்கொண்டு தொடங்குகின்றன. இங்கே அந்த ஏற்பே விசாரணைக்கு வருகிறது. கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லும் காரணங்கள் தேறுமா, இல்லை என்பதற்குச் சொல்பவை தேறுமா, காரணம் காட்டாமலே நம்புவது முறையா என்று கேட்பதுதான் வேலை. பக்தராக இருப்பதோ நாத்திகராக இருப்பதோ இதற்குத் தகுதியும் ஆகாது, தடையும் ஆகாது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கடவுள் இருக்கிறாரா, இல்லையா?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: எந்த அளவையைக் கொண்டு, அதாவது அறியும் எந்த வழியைக் கொண்டு தீர்க்க வேண்டும் என்கிறீர்கள்?

இது நழுவல் என்று நினைக்க வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவைகளைப் பற்றித்தான் பேசினார். அளவை ஆறு என்பாரையும் பத்து என்பாரையும் குறிப்பிட்டுவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்று முடித்தார். கண்டு அறிவது, ஊகித்து அறிவது, சொல்லக் கேட்டு அறிவது. சிவனை முழுமுதலாகக் கொண்ட ஒருவர், ‘நம்பு’ என்று தொடங்காமல் ‘அறிவது எப்படி’ என்று தொடங்கியிருக்கிறார். தொலைக்காட்சி விவாதங்களில் இரு தரப்பும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் ஒரு மணி நேரம் கத்தியும் யாரும் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை.

கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறேன். என்ன தவறு?

மணிமேகலையின் 27ஆம் காதையில் உங்கள் கட்சிக்காரர் ஒருவர் வருகிறார். வஞ்சி நகரில் ஆண் துறவி வேடத்தில் நிற்கும் மணிமேகலை, சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில், நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்கிற பூதவாதியிடம் நிற்கிறாள். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், கலைந்தால் போய்விடும் என்கிறான் அவன். கண்கூடு தவிர வேறு அளவை செல்லாது, மறுபிறப்பு பொய் என்கிறான். முற்பிறப்பு நினைவு உடையவள் ஆதலால் அவள் சிரித்துவிடுகிறாள். தெய்வ மயக்கமும் கனவும் கண்டு மனம் பேதலித்தவர்களின் பேச்சு இது என்று அவன் மடக்குகிறான். உடனே அவள் கேட்கிறாள்: உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?

அதோடு காதை முடிந்துவிடுகிறது. பூதவாதிக்குப் பதில் சொல்ல ஓர் அடிகூடத் தரப்படவில்லை. காப்பியம் எழுதிய சாத்தனார் பௌத்தர். நடுவர் யார் பக்கம் என்பது தெரிந்ததே.

அவனுக்காக நான் வாதாடினால் இரண்டு சொல்வேன். முதலாவது, பெற்றோரை நாம் ஊகித்து அறிவதில்லை. அம்மாவும் பாட்டியும் சொல்லித்தான் அறிகிறோம். அது உரை. பௌத்தம் காட்சி, கருதல் என இரண்டு அளவைகளையே ஏற்று உரையைக் கருதலுக்குள் அடக்கிவிடுவதால் சாத்தனார் அதை அனுமானக் கணக்கில் எழுதுகிறார். இரண்டாவது, அவள் கேள்வி ‘காட்சி மட்டும் போதாது’ என்பதை நிறுவுகிறதே தவிர, அவளுடைய முற்பிறப்பு நினைவு மெய் என்பதை நிறுவவில்லை. பெரும்பாலான சமய விவாதங்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகின்றன. எதிராளியின் அளவுகோல் குறுகியது என்று காட்டிவிட்டு, தன் பொருளை நிறுவிவிட்டதாகக் கைதட்டல் வாங்கிக்கொள்கின்றன.

உங்களுக்கு என் பதில்: நீங்கள் பிறந்த தேதியை நீங்கள் கண்ணால் காணவில்லை. காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது.

உலகம் இருக்கிறதே, படைத்தவர் ஒருவர் வேண்டாமா?

இதுதான் கருதல் அளவை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் நூற்பாவிலேயே இதைச் சொல்கிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அது தோற்றுவிக்கப்பட்டது. ஆகவே தோற்றுவித்தவன் உண்டு. தருக்கத்தை மையமாகக் கொண்ட நியாய மரபில் உதயணர் இதே வழியைப் பல வாதங்களாக விரித்தார். குடம் காரியம், அதற்குக் குயவன் உண்டு. உலகமும் காரியம், அதற்கும் ஒருவன் உண்டு என்பது அதன் எலும்புக்கூடு.

இந்த வாதத்தை உடைத்தவர் என்று கேட்டால் எல்லோரும் ஐரோப்பாவைக் காட்டுவார்கள். டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்த பின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூலில் அது உண்டுதான். ஆனால் அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, நம் புறநகரான ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். நாத்திகர் அல்லர். இராமானுசர்.

வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு எழுதிய உரையில் அவர் கேட்பவற்றின் சாரம் இது. மலையும் கடலும் மண்ணும் ஒரே நேரத்தில், ஒரே ஒருவரால் செய்யப்பட்டன என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? குடமும் சுவரும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் ஆகின்றன; அந்த உவமை சரியென்றால் உலகுக்கும் பல பேர் இருக்கலாமே. நாம் கண்ட செய்வோர் எல்லோருக்கும் உடம்பு உண்டு, ஆசை உண்டு, அறிவில் குறையும் உண்டு. குயவனிலிருந்து ஊகித்தால் குயவனைப் போன்ற ஒருவன்தான் கிடைப்பான். எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல, குறையொன்றும் இல்லாதவன் கிடைக்க மாட்டான்.

ஹியூம் கேட்டவையும் ஏறக்குறைய இவையே. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நல்ல வாதம் எங்கும் முளைக்கும். 1859இல் டார்வின் உயிரினங்களின் ஒழுங்குக்கு வேறொரு விளக்கம் தந்தபோது, ‘அமைப்பைப் பார், அமைத்தவன் தெரிவான்’ என்ற ஒரு கிளை இன்னும் மெலிந்தது. ‘ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது, வெறுமை ஏன் இல்லை’ என்ற கேள்வியை டார்வின் தொடவில்லை. அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து கபாலீசுவரருக்கோ பார்த்தசாரதிக்கோ ஒரே தாவலில் போய்விட முடியாது.

இராமானுசர் படைப்பு வாதத்தை மறுத்தால் எதை நம்பினார்?

உரையை. இறைவன் வேதத்தால் மட்டுமே அறியப்படுபவன். ஊகத்தால் எட்டக்கூடியவன் என்றால் வேதம் சொல்வதற்குப் புதிதாக என்ன இருக்கிறது? பக்தரே பகுத்தறிவு நிறுவலை உடைப்பது நமக்கு விசித்திரமாகப் படுகிறது. நம் மரபில் இது வழக்கமானது. வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை மரபினரான குமாரிலர் இன்னும் ஒரு படி மேலே போனார். வேதத்தில் துளி ஐயம் இல்லாத அவர், உலகைப் படைத்த கடவுள் என்ற ஒருவரையே ஏற்கவில்லை. வேதம் யாராலும் செய்யப்படாதது, ஆகவே செய்தவரின் குற்றம் அதற்கு ஒட்டாது என்பது அவர் கட்சி. நியாயவாதிகளோ, உரை செல்லுபடியாவது சொன்னவர் நம்பத்தக்கவராக இருப்பதால்தான், ஆகவே வேதத்தைச் சொன்னவர் கடவுள் என்றார்கள்.

ஆத்திகர் ஒரு பக்கம், நாத்திகர் மறு பக்கம் என்று நாம் கிழிக்கும் கோடு இங்கே கலைந்துபோகிறது. வேதத்தை ஏற்றுக் கடவுளை விட்டவர்கள், கடவுளை ஏற்று நிறுவலை விட்டவர்கள், நிறுவலை வைத்து நூலைத் தாங்கியவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

உரையை ஏற்பது என்றால் எந்த உரையை?

இதுதான் உண்மையான இடறல். பொதுவாக, பிறர் சொல்வதை ஏற்பது மூடத்தனம் ஆகாது. இமயமலையின் உயரம், இரத்தப் பரிசோதனை முடிவு, தாத்தாவின் பெயர் எல்லாம் கேள்வி ஞானம்தான். ஆனால் அந்தச் சொற்களைச் சரிபார்க்க வேறு வழிகள் உண்டு. கடவுள் வாக்கு என்று ஒரு நூல் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளும்போது, அதைச் சரிபார்க்க அந்த நூலையே திறந்தால் வட்டத்தில் சுற்றுகிறோம். வேறொன்றைத் திறந்தால் அந்த வேறொன்று நூலைவிடப் பெரிய அளவை ஆகிவிடுகிறது.

இந்தச் சண்டை நம் நாட்டில் ஒருமுறை நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்து, பின் வடலூர் சென்ற இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் சென்னையில் அச்சாயின. அருட்பா என்ற பெயர் திருமுறைகளுக்கே உரியது, வாழும் ஒருவரின் பாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. தனிப்பட்ட கசப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேள்வி நல்ல கேள்வி: ஒரு பாட்டு அருளால் வந்தது என்பதைத் தீர்மானிப்பது எது? பழமையா, சபையின் ஒப்புதலா, பாடியவரின் அனுபவமா, கேட்பவரின் உருக்கமா? நாவலர் பழமையையும் மரபின் ஒப்புதலையும் பிடித்துக்கொண்டார். அவர் அளவுகோலைக் கறாராகப் பிடித்தால், சம்பந்தர் பாடிய அன்றைக்குத் தேவாரமும் தேறியிருக்காது.

அற்புதங்களை எப்படி மதிப்பிடுவது? மயிலையிலேயே நடந்திருக்கிறதே.

பூம்பாவை கதையைச் சொல்கிறீர்கள். பாம்பு தீண்டி இறந்த வணிகர் மகளின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்க, சம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார். கபாலீசுவரர் கோயிலில் அவளுக்குச் சன்னதி இருக்கிறது. பங்குனிப் பெருவிழாவில் அந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்துகிறார்கள்.

பதிகத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள். ‘மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை’ என்று தொடங்குகிறது. அடியார்க்கு அமுதிடும் விழா, ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழா விழாவாகச் சொல்லி, இதையெல்லாம் ‘காணாதே போதியோ பூம்பாவாய்’ என்று கேட்கிறது. அவள் எழுந்தாள் என்று பதிகத்தில் ஓர் இடத்திலும் இல்லை. எழுந்தாள் என்று விரிவாகப் பாடுபவர் குன்றத்தூர்ச் சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. நடுவே ஐந்நூறு ஆண்டுகள். வரலாற்று ஆய்வாளருக்குப் பதிகம் மயிலையின் திருவிழா நாட்காட்டிக்கு முதல்தரச் சான்று. உயிர்த்தெழுதலுக்கு அது சான்று ஆகாது. பதிகத்தின் அழகு இதனால் ஒரு மாத்திரைகூடக் குறைவதில்லை.

ஹியூம் 1748இல் சொன்ன விதி இதற்கு உதவும். ஒரு சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம். இந்த விதி மிகவும் இறுக்கமானது, எந்தப் புதிய உண்மையையும் உள்ளே விடாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. பாதி நியாயம். ஆயினும் 1995 செப்டம்பர் 21 அன்று நாடு முழுவதும் பிள்ளையார் பால் குடித்தபோது கரண்டியோடு வரிசையில் நின்றவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். பால் கரண்டியிலிருந்து போனதைக் கண்டார்கள். பரப்பு இழுவிசை இழுத்த பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்ததைக் காணவில்லை. நேர்மையான சாட்சியும் தவறாகக் காண முடியும்.

அப்படிப்பட்ட ஒன்றை முறையாக விசாரித்தது உண்டா?

உண்டு, அதுவும் அடையாற்றில். பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக் கரையில் தலைமையகம் அமைத்தது. அங்கே ஓர் அறையில் மர அலமாரி ஒன்று. இமயத்து மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தாமாகத் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. அலமாரியின் பின்பக்கச் சுவருக்கு அப்பால், சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறை. சபையில் வேலை பார்த்து வெளியேற்றப்பட்ட கூலோம் தம்பதியர், எல்லாம் ஏற்பாடுதான் என்று சொல்லி அம்மையார் எழுதியதாகச் சில கடிதங்களைக் கொடுக்க, 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் அவற்றை வெளியிட்டது. இலண்டனிலிருந்து உளவியல் ஆய்வுச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் வருமுன்பே அலமாரி எரிக்கப்பட்டுவிட்டது. மிச்சமிருந்த சுவரையும் கையெழுத்துகளையும் சாட்சிகளையும் வைத்து, மோசடி என்று 1885இல் அவர் அறிக்கை எழுதினார்.

கதை அங்கே முடிந்தால் பகுத்தறிவுக்கு எளிய வெற்றி. நூறாண்டு கழித்து, 1986இல், அதே சங்கத்தின் இதழில் கையெழுத்து நிபுணர் வெர்னான் ஹாரிசன், ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது, சான்றுகளை அது கையாண்ட விதம் சரியில்லை என்று எழுதினார். கடிதங்கள் காற்றிலிருந்து விழுந்தன என்று இதனால் ஆகிவிடாது. விசாரிப்பவரையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று ஆகிறது. குற்றம் சாட்டியவர்கள் வேலை இழந்தவர்கள். வெளியிட்டவர்கள் போட்டிச் சமயத்தார். தடயத்தை அழித்தவர்கள் சபைக்காரர்கள். சமய சாட்சியம் பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் நம் கைக்கு வருகிறது.

சந்தேகப்பட்ட தோமையாரின் கல்லறை சென்னையில்தானே இருக்கிறது?

சாந்தோம் பேராலயத்தில். ஆணித் தழும்பில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் அவர். ‘காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்’ என்று யோவான் நற்செய்தி அவருக்குப் பதில் தருகிறது. காட்சி அளவையைக் கேட்டவர் இங்கே வந்தார் என்பதை நாம் உரை அளவையால் அறிகிறோம் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும். கி.பி. 52இல் வந்தார், பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்பது மரபு. அவர் இந்தியா வந்ததைச் சொல்லும் பழைய சிரியாக் நூல் 3ஆம் நூற்றாண்டினது. இந்தக் கடற்கரையில் அவர் கல்லறை இருப்பதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்கிறார். பூம்பாவைக்கு வைத்த அதே தராசைத்தான் இங்கும் வைக்க வேண்டும். ஒரு சமயத்தின் கதைக்கு மட்டும் கறாராக இருப்பவர் மெய்யியல் செய்யவில்லை, கட்சி நடத்துகிறார்.

எனக்கே அனுபவம் வாய்த்திருக்கிறது. இதற்குமேல் சான்று வேண்டுமா?

உங்களுக்கு வேண்டாமலிருக்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஆல்ஸ்டன் 1991இல் இதற்கு வலுவான வாதம் ஒன்றை வைத்தார். புலன்கள் நம்பத்தக்கவை என்பதைப் புலன்களைப் பயன்படுத்தாமல் நிறுவ முடியாது. ஆயினும் அவற்றை நம்புகிறோம். இறை அனுபவத்தையும் நிலைபெற்ற ஒரு பழக்கமாகக் கொண்டு, தவறென்று காட்டப்படும்வரை நம்ப ஏன் உரிமை இல்லை? நல்ல கேள்வி. அதற்கான இடைஞ்சலையும் அவரே ஒப்புக்கொண்டார். கண்ணால் காண்பவர்கள் ஏறக்குறைய ஒன்றையே காண்கிறார்கள். ஆழ்ந்த அனுபவம் பெற்றவர்களோ ஒருவர் முருகனையும் ஒருவர் கிறிஸ்துவையும் ஒருவர் உருவமற்ற பேரொளியையும் காண்கிறார்கள்.

இங்கே சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனைக் கொண்டுவருகிறேன். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைத் தந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பக்தர்கள் இதைத் தெய்வத்துக்குச் சான்றாகவும், மற்றவர்கள் ஒரு மேதையின் மனப்பிராந்தியாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இருவரும் கவனிக்காதது ஒன்று. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் வியப்பூட்டும் உண்மைகளும் இருந்தன. பகா எண்களைப் பற்றித் தவறான முடிவுகளும் இருந்தன. இரண்டும் ஒரே மனத்திலிருந்து, ஒரே உறுதியோடு வந்தவை. பிரித்துக் கொடுத்தது நிறுவல். எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது வேறு, அது நிற்குமா என்பது வேறு. கணிதத்தில் பிரித்துக் கொடுக்க நிறுவல் இருக்கிறது. சமய அனுபவத்தில் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் பதில் இல்லை. குரு, சாத்திரம், வாழ்க்கையில் விளைந்த பண்பு என்று மரபுகள் தத்தம் சோதனைகளை வைத்திருக்கின்றன. அவை உள்ளே இருப்பவருக்குப் பயன்படும். வெளியே நிற்பவரைக் கட்டாது.

என் நிலையும் இதுதான்: அனுபவம் பெற்றவருக்கு நம்ப உரிமை உண்டு, அடுத்தவரை நம்பச் சொல்ல அந்த அனுபவம் அளவை ஆகாது.

சான்று இல்லாமல் நம்புவது பாவமா என்ன?

ஆங்கிலேயக் கணிதரும் மெய்யியலாளருமான கிளிஃபோர்டு 1877இல் ஆம் என்றார். ஓட்டைக் கப்பல் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்பிய முதலாளி, கப்பல் தப்பிப் பிழைத்தாலும் குற்றவாளியே என்பது அவர் எடுத்துக்காட்டு. வில்லியம் ஜேம்ஸ் 1896இல் பதில் சொன்னார். சான்றால் தீராத, தள்ளிப்போடவும் முடியாத, வாழ்வை மாற்றக்கூடிய கேள்விகளில் மனச்சாய்வு முடிவெடுப்பது குற்றம் ஆகாது. நான் இருவரையும் இடம் பார்த்துப் பயன்படுத்துவேன். அம்மை கண்ட குழந்தைக்கு மருத்துவம் மறுக்கும் நம்பிக்கையிடம் கிளிஃபோர்டின் குரலில் பேசுவேன். அமாவாசைக்குத் தந்தையை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைப்பவரிடம் அந்தக் குரல் எதற்கு?

ஆல்வின் பிளாண்டிங்கா வேறு வழியில் போனார். நினைவாற்றல், பிறருக்கும் மனம் உண்டு என்பது போன்றவற்றை நாம் வாதம் இன்றியே அடிப்படையாக ஏற்கிறோம். கடவுள் நம்பிக்கையும் அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்றார். அப்படியானால் எந்த அபத்தத்தையும் அடிப்படை என்று சொல்லிவிடலாமே என்ற எதிர்ப்புக்கு அவர் நீண்ட பதில்கள் எழுதினார். எனக்கு அவை முழு நிறைவு தரவில்லை.

நம்பி வைத்தால் நட்டமில்லையே?

பிரெஞ்சுக் கணிதர் பாஸ்கலின் பந்தயம் இது: கடவுள் இருந்தால் நம்பியவருக்குப் பெரும் இலாபம், இல்லாவிட்டால் இழப்பு ஏதுமில்லை. எந்தக் கடவுள்மேல் பந்தயம் கட்டுவது என்று அது சொல்லவில்லை. தவிர, கடவுளின் இடத்தில் நாம் இருந்தால் இப்படிக் கணக்குப் போட்டு வந்தவர்களை மகிழ்ச்சியோடு வெளியே அனுப்பியிருப்போம் என்று ஜேம்ஸே கிண்டல் செய்திருக்கிறார்.

2004 ஆழிப்பேரலையில் குழந்தைகள் ஏன் இறந்தார்கள்?

இந்தக் கேள்வி வரும்போது மாடியில் பேச்சு நின்றுவிடும். பட்டினப்பாக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்.

1955இல் ஜே.எல். மேக்கி வைத்த வடிவம் இது: கடவுள் எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், ஆயினும் தீமை உண்டு, இம்மூன்றும் சேர்ந்து நிற்க முடியாது. மனிதருக்குச் சுதந்திரம் தந்தால் தீமையும் வரும் என்ற பிளாண்டிங்காவின் பதிலுக்குப் பின், தருக்க முரண்பாடு என்ற அளவில் இந்த வாதம் தளர்ந்தது என்றே பலரும் கருதுகிறார்கள். ஆனால் கடலடித் தட்டு நகர்ந்ததில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்பது இன்னொரு பதில். டிசம்பர் 26 காலையில் மெரினாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனின் பக்குவத்தைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. 1755இல் லிஸ்பன் நகரில் புனிதர் அனைவர் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் நடுங்கியபோது ஐரோப்பா கேட்ட கேள்வியையே வேளாங்கண்ணிக் கரையில் நம் மக்கள் கேட்டார்கள்.

நம் மரபின் பதில் வினை. இறைவன் ஓரவஞ்சகனோ கொடியவனோ அல்லன், அவரவர் வினைக்கேற்பவே பலன் என்று பிரம்ம சூத்திரம் சொல்கிறது. முதல் வினை எங்கிருந்து வந்தது என்றால், தொடக்கமே இல்லை என்கிறது. தருக்கமாகப் பார்த்தால் இது மேற்கத்திய பதில்களைவிடக் கட்டுக்கோப்பானது. ஒழுக்கமாகப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இழந்தவரைப் பார்த்து ‘நீ செய்ததன் பலன்’ என்று சொல்ல வைக்கும் கோட்பாட்டில், எவ்வளவு கட்டுக்கோப்பு இருந்தாலும், ஏதோ பிழை இருக்கிறது என்றே நினைக்கிறேன். சாதிக்கும் இதே விளக்கத்தைத்தான் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

எதற்கு என்று நமக்குத் தெரியாததால் காரணமே இல்லை என்று ஆகிவிடுமா என்று ஆத்திகர் கேட்கலாம். ஆகாது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்பவர், மழை பெய்தால் மட்டும் ‘கடவுள் கருணை’ என்று காரணத்தைத் தெரிந்தவர்போல் பேசக் கூடாது.

இராயபுரத்தில் பிறந்திருந்தால் நான் கிறித்தவன்; மண்ணடியில் என்றால் இஸ்லாமியன். பிறகு என்ன நம்பிக்கை?

ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. பூமி சுற்றுகிறது என்பதையும் பிறந்த காலத்தால்தான் நம்புகிறீர்கள். ஆனால் உங்கள் அளவுக்கே அறிவும் நேர்மையும் உள்ள ஒருவர், உங்களைப் போலவே வளர்ந்து, எதிர் முடிவுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்த பின்னும் உறுதி கொஞ்சமும் தளரக் கூடாது என்பது விசித்திரம். எல்லாச் சமயமும் ஒரே மெய்ம்மைக்கான பல எதிர்வினைகள் என்று ஜான் ஹிக் சொன்னார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அல்லாவைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று மனதாரச் சொல்பவரிடம் ‘நீங்கள் சொல்வது நீங்கள் நினைக்கும் பொருளில் உண்மையில்லை’ என்று மரியாதையாகச் சொல்வதே அது. எம்மதமும் சம்மதம் என்று எழுதிய ஆட்டோக்கள் இதை யோசித்திருக்காது.

பெரியார் படம் மாட்டிய வீட்டில் பிறந்து நாத்திகராக இருப்பவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அவர்களிடம் இதைக் கேட்டால் கோபம் வருகிறது.

சென்னையில் நாத்திகம் பெரியாரோடு தொடங்கியதா?

இல்லை. சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, 1882 முதல் 1888 வரை, சென்னை இலௌகீக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழையும் அதற்கு இணையாக ஓர் ஆங்கில இதழையும் நடத்தினார்கள். பிரம்மஞான சபை அடையாற்றில் குடியேறிய அதே 1882இல் இதுவும் தொடங்கியிருக்கிறது. ஊர் அப்போது நன்றாகத்தான் சூடாக இருந்திருக்கிறது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் மூன்றாவது வழி ஒன்றை எடுத்துச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

பெரியாரின் கேள்வி வேறு வகை. ‘சான்று உண்டா’ என்பதோடு அவர் நிற்கவில்லை. ‘இந்த நம்பிக்கையால் யாருக்கு இலாபம்’ என்று கேட்டார். ஒரு நம்பிக்கையின் பயனாளி யார் என்று தெரிந்தால் அது பொய் என்று நிறுவப்பட்டுவிடாது. ஆனால் அந்த உரையைச் சொல்பவரின் நம்பகத்தன்மை அடிவாங்கும். உரை அளவைக்குச் சொன்னவரின் நேர்மை முக்கியம் என்று நியாயவாதிகளே சொல்லியிருக்கும்போது, இந்தக் கேள்வியை வெறும் வசை என்று ஒதுக்க முடியாது.

வாதத்தைக் கேட்டு யாராவது மனம் மாறியது உண்டா?

அரிதாக. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நாத்திக வாதங்களை எழுதிவந்த ஆன்டனி ஃப்ளூ, 2004இல் ஏதோ ஒரு பேரறிவு இருப்பதாக ஏற்றார். அப்பர் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியது சூலை நோயால் என்கிறது பெரியபுராணம். எந்தப் பட்டிமன்றத்தாலும் இல்லை.

கோயிலுக்குப் போய்க்கொண்டே இதைப் படிக்கலாமா?

எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான். பிரதோஷத்தன்று மட்டும் தாமதமாக வருவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

மணிமேகலை 27ஆம் காதையிலிருந்து. உரையோடு வாசியுங்கள், ஒரு மாலை போதும். 29ஆம் காதையின் தருக்கப் பகுதி கடினம், அதை முதலில் எடுத்தால் ஓடிவிடுவீர்கள். அடுத்து சித்தியாரின் அளவைப் பாடல்கள், பிறகு ஹியூம் அற்புதங்களைப் பற்றி எழுதிய அத்தியாயம். இந்த மூன்றையும் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் மாடிக்கு வாருங்கள்.